கடலூரிலிருந்து காரிலேயே தங்கி ஏரியும் காடும் சுற்ற முடியுமா?

கேள்வி இதுதான்: மஞ்சக்குப்பத்தில் வீடு. கணவன், மனைவி, எட்டு வயது மகள். ஐந்து பேர் உட்காரும் சின்ன கார். பொங்கல் கழிந்து நான்கு நாள் விடுப்பு கிடைக்கும். ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் வண்டியை நிறுத்தி, வண்டியிலேயே தூங்கி, கடலூரிலிருந்து ஒரு சுற்று போய்வர முடியுமா? எந்த வழி? என்ன வாங்க வேண்டும்? ஏ.சி.யை ஓடவிட்டுத் தூங்கலாமா?

முடியும். கடைசிக் கேள்விக்கு மட்டும் முதலிலேயே பதில்: கூடாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

மற்றதைப் பேசுவதற்கு முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் பார்க்கிற இடம் வேறு, படுக்கிற இடம் வேறு. வீடியோக்களில் வருவதுபோல் ஏரித் தண்ணீரை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டு, டிக்கியைத் திறந்து போட்டுத் தூங்குவது இங்கே நடக்காது. காடு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதி இல்லாமல் உள்ளே போவதே குற்றம், ராத்திரி தங்குவதைப் பற்றிப் பேச்சே இல்லை. புதுச்சேரி பக்கத்து ஊசுட்டேரி, மரக்காணம் பக்கத்துக் கழுவெளி இரண்டும் பறவைகள் சரணாலயம். மற்ற ஏரிகளின் கரையில் தடை என்று பலகை இருக்காது. ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அங்கே பாட்டிலோடு வருகிறவர்கள் யார், விடியற்காலை ஐந்து மணிக்குச் சொம்போடு வருகிறவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே படுக்க முடியாது. ஏரியைக் காலையில் பாருங்கள், காட்டைப் பகலில் பாருங்கள், ராத்திரிக்கு யாராவது பொறுப்பான ஆள் இருக்கிற, கேட்டும் கழிப்பறையும் உள்ள இடத்தில் வண்டியை நிறுத்துங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு: வெக்கை. கடலோர மாவட்டங்களில் மார்ச் தொடங்கி அக்டோபர் வரை மூடிய காருக்குள் தூங்குவது தண்டனை. காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, கண்ணாடியை இறக்கினால் கொசு. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை மழை. ஆக, சமவெளியில் வண்டியில் தூங்க லாயக்கான காலம் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரைதான். மலையில் கொஞ்சம் தாராளம். 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். ஜவ்வாதும் கல்வராயனும் ஊட்டி உயரம் கிடையாது, ஆனாலும் 700, 800 மீட்டரில் ராத்திரி நன்றாகவே தூக்கம் வரும். தை மாதத்தில் போர்வை தேவைப்படும். பொங்கல் கழிந்து என்று நீங்கள் கேட்டிருப்பது ரொம்பச் சரியான நேரம்: வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரிகள் நிரம்பியிருக்கும், வலசைப் பறவைகள் வந்திருக்கும், மலையில் காட்டுத்தீ காலம் தொடங்கியிருக்காது. காணும் பொங்கல் அன்று மட்டும் கிளம்பாதீர்கள். அன்று பிச்சாவரத்திலும் சாத்தனூர் அணையிலும் நிற்கவே இடம் கிடைக்காது.

பிச்சாவரம் என்றதும் சொல்லிவிடுகிறேன். அதை இந்தச் சுற்றில் சேர்க்காதீர்கள். கடலூரிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய்வரலாம். 1,100 ஹெக்டேர் அளவுக்குப் பரந்த அலையாத்திக் காடு, 2022-ல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தது. அங்கே போனால் மோட்டார் படகை விட்டுவிட்டுத் துடுப்புப் படகு எடுங்கள்; சுரபுன்னை வேர்கள் இரண்டு பக்கமும் இறங்கி நிற்கிற குறுகிய வாய்க்கால்களுக்குள் அதுதான் நுழையும். தில்லை மரத்தைப் படகுக்காரர் காட்டினால் கையால் ஒடிக்க வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

இனி வழி. கடலூர், சேத்தியாத்தோப்பு, வீராணம், விருத்தாசலம், கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை, சாத்தனூர், திருவண்ணாமலை, ஜவ்வாது மலை, செஞ்சி, திண்டிவனம், மரக்காணம், புதுச்சேரி, மறுபடி கடலூர். ஏறக்குறைய 700 கி.மீ. வரும். நான்கு நாளுக்கு அளவாக இருக்கும். மூன்று ராத்திரியில் முதலாவதும் மூன்றாவதும் மலை மேல் வண்டியில், இரண்டாவது ராத்திரி திருவண்ணாமலையில் லாட்ஜில். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சுடுதண்ணீர்க் குளியலும் நீட்டிப் படுக்கக் கட்டிலும் இருந்தால்தான் குடும்பம் சண்டையில்லாமல் வீடு திரும்பும். இது என் கறாரான கருத்து. தொடர்ந்து மூன்று ராத்திரி வண்டியில் என்று திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் தனியாகப் போகிற இளைஞர்கள்.

முதல் நாள் விடியற்காலை ஐந்துக்கே கிளம்பி வீராணம் போய்விடுங்கள். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் அவன் மகன் இராசாதித்தன் வெட்டியதாகச் சொல்லப்படும் ஏரி இது. தண்ணீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருகிறது. முழு மட்டம் 47.5 அடி. சென்னைக்குக் குழாயில் போகிற குடிநீரில் ஒரு பங்கு 2004-லிருந்து இங்கிருந்துதான் போகிறது. ஏரி தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும். கரை கிழக்குப் பக்கம், தண்ணீர் மேற்கே. இது வீராணத்துக்கு மட்டும் உரிய அமைப்பில்லை. நம் பக்கம் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிவதால், ஓடி வரும் தண்ணீரை மறிக்கிற கரையைப் பெரும்பாலும் கிழக்கில்தான் போட்டிருப்பார்கள். ஊசுட்டேரியிலும் அப்படித்தான். இதனால் பறவை பார்க்க வருகிறவருக்கு ஒரு லாபம்: காலையில் கரையில் நின்றால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம், வெளிச்சம் நேராகப் பறவை மேல் விழும். நத்தைக்குத்தி நாரையின் அலகு நடுவே உள்ள இடைவெளிகூடத் தெரியும். சாயங்காலம் அதே இடத்தில் நின்றால் எல்லாம் கறுப்பு நிழல்தான். படம் எடுக்க அழகாக இருக்கும், பறவையை அடையாளம் காண முடியாது.

வீராணத்தில் கவனிக்க வேண்டியது கரைச்சாலை. லால்பேட்டை வழியாகப் போகிற அந்தச் சாலை பல இடங்களில் ஒடுக்கமானது. பஸ்ஸும் லாரியும் ஓடுகின்றன. மதகு இருக்கிற இடங்களில் கொஞ்சம் அகலம் கிடைத்தால் அங்கே முழுக்க ஓரம் கட்டி நிறுத்துங்கள், பாதி சக்கரம் தாரில் இருக்கும்படி நிறுத்தாதீர்கள். தை மாதம் சம்பா அறுவடை. சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். அதன் மேல் ஏற்றினால் சண்டைதான், நியாயமும் அவர்கள் பக்கம். இன்னொன்று கரும்பு. சேத்தியாத்தோப்பு, மூங்கில்துறைப்பட்டு என்று நீங்கள் போகிற வழியெல்லாம் சர்க்கரை ஆலை. இது அரவைக் காலம். இருட்டில், பின்விளக்கு இல்லாமல், கரும்பு இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்க ஒரு டிராக்டர் முன்னால் போய்க்கொண்டிருக்கும். ஐம்பது அடி தூரத்தில்தான் அது இருப்பதே தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே சாயங்காலம் ஆறரைக்கு மேல் வண்டி ஓட்டாத மாதிரித் திட்டம் போடுங்கள்.

விருத்தாசலத்தில் டிபன். நேரம் இருந்தால் திட்டக்குடி தாண்டி வெலிங்டன் ஏரி. 1923-ல் கட்டி முடித்தது, மாவட்டத்தின் பெரிய நீர்த்தேக்கங்களில் ஒன்று. கூட்டம் இருக்காது. கடைகளும் அதிகம் கிடையாது. அங்கே போனால் தொழுதூரில் திருச்சி நெடுஞ்சாலையைப் பிடித்து வேப்பூர் வந்து, சின்னசேலம் வழியாகக் கள்ளக்குறிச்சி. போகாவிட்டால் விருத்தாசலத்திலிருந்து நேராக வேப்பூர், இரண்டு மணி நேரம் மிச்சம். குழந்தை முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கள்ளக்குறிச்சியில் மதியச் சாப்பாட்டை முடித்து, பெட்ரோலை நிரப்பி, பணமாகக் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் மலை ஏற வேண்டும். கச்சிராயபாளையம் பக்கத்தில் கோமுகி அணை. அணையைத் தாண்டியதும் மலைப்பாதை. ஏறும்போது எந்த கியரில் ஏறுகிறீர்களோ இறங்கும்போதும் அதே கியர். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காதீர்கள். மேலே கரியாலூரில் சின்னப் படகுத்துறை இருக்கிறது, வெள்ளிமலையில் கடைகள். பெரியார் அருவி சாலையை ஒட்டியே விழுகிறது. தை மாதத்தில் தண்ணீர் மெலிந்திருக்கும், குழந்தை இறங்கி நனைய அதுதான் நல்லது. மேகம் அருவிக்குக் காட்டுக்குள் நடக்க வேண்டும். உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்; அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் காட்டுச் சட்டத்தைப் பற்றி இரண்டு வரி. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததற்குப் பிறகு வனத்துறை இந்த விஷயத்தில் கெடுபிடியாகிவிட்டது. கெடுபிடி சரியானதும்கூட. 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு செய்து வழிகாட்டியோடு போகிற ஏற்பாட்டைத் தமிழக அரசு தொடங்கியது. நடக்க ஆசை இருந்தால் அந்தப் பாதைகளில் ஒன்றை எடுங்கள். சாலையோரத்தில் ஒரு ஒற்றையடிப் பாதை தெரிகிறதே என்று உள்ளே போகாதீர்கள், காட்டோரத்தில் எதையும் பற்ற வைக்காதீர்கள்.

சரி, ராத்திரி எங்கே? மலையில் உள்ள விடுதிக்காரர்களிடமோ, வீட்டோடு சேர்த்து அறை விடுகிறவர்களிடமோ முன்கூட்டியே போனில் பேசுங்கள். கேட்கிற விதம் முக்கியம். “கேம்பிங் அனுமதி உண்டா” என்று கேட்டால் கூடார வாடகை, கேம்ப்ஃபயர், பஃபே என்று ஒரு பெரிய தொகை சொல்வார்கள். “அண்ணா, குடும்பமா வர்றோம், வண்டியை உங்க காம்பவுண்டுக்குள்ள நிறுத்தி வண்டியிலேயே படுத்துக்கறோம், பாத்ரூம் மட்டும் வேணும், சாப்பாடு உங்ககிட்டயே சாப்பிடறோம்” என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். சாப்பாடு அவர்களிடம் என்றதும் பாதிப் பேர் சம்மதித்துவிடுவார்கள். சிலர் ஒரு சின்ன அறைக்கு உண்டான பணத்தையே கேட்பார்கள். அதையும் கொடுத்து அறையை எடுத்துக்கொள்ளலாம். நடுராத்திரி குழந்தைக்கு வண்டி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் போய்ப் படுக்க ஓர் இடம் ஆயிற்று.

தனியார் தோப்பும் நல்ல இடம், உரிமையாளர் நேரில் சம்மதம் சொன்னால். காவலுக்கு இருப்பவர் சொன்னது போதாது. தென்னை மரத்தடியில் மட்டும் நிறுத்தாதீர்கள். ஒரு நெற்று விழுந்தால் கண்ணாடி போச்சு. சமவெளியில் அவசரத்துக்கு நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க் உண்டு: விளக்கு எரியும், ஆள் இருப்பார், கழிப்பறை இருக்கும், லாரிக்காரர்கள் காலங்காலமாக அப்படித்தான் தூங்குகிறார்கள். மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, டீசல் அடிக்கிற வரிசையிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். நெடுஞ்சாலையின் ஓரக்கோட்டை ஒட்டி நிறுத்தித் தூங்குவதை மட்டும் எந்த நிலையிலும் செய்யக்கூடாது. நின்றிருந்த வண்டியின் பின்னால் மோதிய விபத்துச் செய்தி மாதம் தவறாமல் வருகிறது.

இனி வண்டிக்குள். உங்கள் சின்ன காரில் மூன்று பேர் படுக்க முடியாது. பின்சீட்டை மடக்கி, முன்சீட்டை முழுக்க முன்னுக்குத் தள்ளினால் ஐந்தரை அடி நீளம் கிடைக்கும். அம்மாவும் மகளும் படுக்கலாம், அப்பா பக்கத்தில் சின்னக் கூடாரம் போட்டுக்கொள்ள வேண்டும். மூன்று பேரும் உள்ளேதான் என்றால் எர்டிகா மாதிரி ஏழு பேர் வண்டி வேண்டும். அதில் கடைசி இரண்டு வரிசையையும் மடக்கினால் நீட்டிப் படுக்கலாம். வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து உள்ள வண்டியாகப் பார்த்து எடுங்கள். அதுதான் தானே ஓட்டிச் செல்ல முறையாக வாடகைக்கு விடப்படும் வண்டி. வெள்ளைப் பலகை வண்டியை ‘தெரிஞ்சவர் வண்டி’ என்று வாடகைக்கு எடுத்து விபத்தானால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

சீட்டை மடக்கிய பிறகு தரை சமமாக இருக்காது. சீட் முதுகு ஒரு சரிவாக ஏறும், டிக்கிக்கும் அதற்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளம்தான் இடுப்பைப் பிடிக்கும். காற்று மெத்தை வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அது பள்ளத்தோடு சேர்ந்தே வளையும், ஒருவர் புரண்டால் மற்றவர் தூக்கிப் போடப்படுவார். பழைய ஜமுக்காளத்தை மடித்துப் பள்ளத்தை நிரப்பி, மேலே அரை அங்குல பிளைவுட் ஒன்றை அளவுக்கு வெட்டிப் போட்டு, அதற்கு மேல் வீட்டில் இருக்கிற இலவம்பஞ்சு மெத்தையை விரியுங்கள். தச்சரிடம் வண்டியை எடுத்துப் போனால் அரை நாள் வேலை. வண்டியை நிறுத்தும்போது தலைப்பக்கம் கொஞ்சம் மேடாக இருக்கட்டும். ஒரு தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்து அது எந்தப் பக்கம் உருளுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

காற்றுக்கு வருவோம். மூடிய வண்டிக்குள் தூங்கும் ஒவ்வொரு ஆளும் ஒரு டம்ளர் அளவுக்கு ஈரத்தை மூச்சிலும் வியர்வையிலும் ராத்திரி முழுக்க வெளியே விடுகிறார். அது போக இடமில்லாமல் குளிர்ந்த கண்ணாடியில் படிந்து, காலையில் சொட்டும். போர்வை நசநசவென்று இருக்கும். இரண்டு கண்ணாடியை, எதிரெதிர்ப் பக்கமாக, இரண்டு விரல் அளவு இறக்கி வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். இறக்கிய இடத்தில் கொசு வராமல் இருக்க, கார் கதவுக்குத் தலையணை உறை போல மாட்டுகிற வலை கிடைக்கிறது. தையல் தெரிந்தவர் இருந்தால் பழைய கொசுவலையில் ஒரு மணி நேரத்தில் தைத்துவிடலாம். வலையை மாட்டிய பிறகுதான் உள்ளே விளக்கைப் போட வேண்டும். யு.எஸ்.பி.யில் ஓடுகிற சின்ன விசிறி ஒன்றும், அதற்கு ஒரு பவர் பேங்கும் போதும். காரின் பேட்டரியிலிருந்து ராத்திரி எதையும் ஓட்டாதீர்கள். கொசுவர்த்திச் சுருளை வண்டிக்குள் ஏற்றக்கூடாது என்று சொல்ல வேண்டியதே இல்லை, ஆனால் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஏ.சி.யை ஏன் ஓடவிடக்கூடாது? நின்ற இடத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் புகை வண்டியைச் சுற்றியே தேங்கும். சைலன்சரில் ஒரு சின்ன ஓட்டை, டிக்கி ரப்பரில் ஒரு கிழிசல் போதும், கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடும். அதற்கு நிறமோ வாசனையோ இல்லை; தூங்குகிறவர் விழித்துக்கொள்ளவே மாட்டார். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவன் ஒன்றில் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகை உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. சுவரை ஒட்டி, புதரை ஒட்டி நிறுத்தினால் இன்னும் மோசம். ஏ.சி. இல்லாமல் தூங்க முடியாத பருவம் என்றால் அது வண்டியில் தூங்குகிற பருவமே இல்லை. அதே காரணத்துக்காக வண்டிக்குள் கேஸ் அடுப்பும் வேண்டாம்.

அடுப்பே வேண்டாம் என்பேன் நான். பத்து கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடையும் இட்லிக் கடையும் இருக்கிற ஊரில் எதற்குச் சமைத்துக்கொண்டு? முதல் நாளுக்குப் புளிசாதம், அப்புறம் அவித்த முட்டை, வாழைப்பழம், பண்ருட்டி முந்திரி, ஒரு ஃபிளாஸ்க், இருபது லிட்டர் தண்ணீர் கேன். ஜவ்வாது மலையில் சாமையும் தேனும் வாங்கலாம். ராத்திரி சாப்பாட்டு மிச்சத்தை வண்டிக்கு வெளியே வைக்காதீர்கள். நாய், பன்றி, குரங்கு எல்லாம் வரும்.

கழிப்பறைதான் இந்தப் பயணத்தின் நிஜமான சிக்கல், முக்கியமாகப் பெண்களுக்கு. வழியில் பெட்ரோல் பங்கில் தயங்காமல் கேளுங்கள். எண்ணெய் போடாவிட்டாலும் கழிப்பறை, குடிநீர், டயருக்குக் காற்று மூன்றும் அங்கே இலவசமாகத் தரப்பட வேண்டியவை. சுத்தம் பற்றி உத்தரவாதம் கிடையாது, அதனால் ஒரு கிருமிநாசினி பாட்டிலும் தண்ணீர் மொள்ள ஒரு பழைய குவளையும் வண்டியில் இருக்கட்டும்.

படுக்கும் முன் சில வேலைகள் உண்டு. வண்டியை வெளியே போகும் திசை பார்த்து நிறுத்துங்கள். டிரைவர் சீட்டில் பையையும் பாத்திரத்தையும் குவிக்காமல் காலியாக வையுங்கள். சாவி எட்டும் தூரத்தில் இருக்கட்டும். ரிமோட்டில் பூட்டாதீர்கள், உள்ளிருந்து கையால் பூட்டுங்கள். இல்லாவிட்டால் நடுராத்திரி குழந்தை புரண்டதும் அலாரம் ஊரைக் கூட்டும். ரோந்து போலீஸ் வந்து கண்ணாடியைத் தட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. விளக்கைப் போட்டு, குடும்பம் என்று காட்டி, யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று சொன்னால் போய்விடுவார்கள். அவசரத்துக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033.

இரண்டாம் நாள் மலையிலிருந்து இறங்கி, சங்கராபுரம், மூங்கில்துறைப்பட்டு வழியாகச் சாத்தனூர். தென்பெண்ணையின் குறுக்கே 1958-ல் கட்டிய அணை, முழு உயரம் 119 அடி. முதலைப் பண்ணையைப் பார்த்தால் குழந்தை சாயங்காலம் வரை அதையே பேசும். குரங்குகள் கையிலிருந்து பறிக்கும், ஜாக்கிரதை. கடலூர்க்காரருக்கு இந்த அணையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை: 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு இங்கிருந்து நள்ளிரவில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டதுதான் பெண்ணையாற்றுக் கரை முழுக்க வெள்ளமாக வந்தது. மழைக்காலத்தில் ஆற்றுப் படுகையில் வண்டியை நிறுத்தித் தூங்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். உங்கள் தலைக்கு மேல் மழையே இல்லாதபோதும் மேலே எங்கோ பெய்தது ராத்திரி வந்து சேரும்.

திருவண்ணாமலைக்குப் பௌர்ணமியை ஒட்டிப் போகாதீர்கள். கிரிவலக் கூட்டத்தில் லாட்ஜும் கிடைக்காது, ஊருக்குள் வண்டியும் நகராது. காலண்டரைப் பார்த்துக் கிளம்பும் தேதியை ஒன்றிரண்டு நாள் தள்ளி வைத்தால் தீர்ந்தது. ஜவ்வாது மலைக்கும் நிலா இல்லாத நாள்தான் ஏற்றது.

ஏனென்றால் மூன்றாம் ராத்திரி நட்சத்திர ராத்திரி. போளூரிலிருந்து மலை ஏறி ஜமுனாமரத்தூர். பகலில் பீமன் மடவு அருவி, கோமுட்டேரியில் படகு. காவலூரில் வானியல் ஆய்வுக்கூடம் இருப்பது தற்செயல் கிடையாது. ஊர் வெளிச்சம் எட்டாத, மேகம் குறைந்த, தெற்கு வானமும் தெரிகிற இடமாகத் தேடித்தான் வானியலாளர் வைணு பாப்பு இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார். அவர் பெயரிலுள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் அங்கே இயங்கத் தொடங்கியது. பொதுமக்களை விடுகிற நாளையும் நேரத்தையும் விசாரித்துவிட்டுப் போங்கள். தொலைநோக்கி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் தங்குகிற காம்பவுண்டில் விளக்கை அணைக்கச் சொல்லி, கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் போனைப் பார்க்காமல் இருங்கள். தை மாதத்தில் எட்டு மணிக்கெல்லாம் ஓரியன் என்கிற நட்சத்திரக் கூட்டம் நல்ல உயரத்தில் நிற்கும். நடுவில் வரிசையாக மூன்று நட்சத்திரம், அதற்குச் சற்றுத் தள்ளிப் புகை படிந்ததுபோல் ஒரு திட்டு. சாதாரண பைனாகுலரிலேயே அது ஒரு மேகம் என்று தெரியும். கடலூர் வெளிச்சத்தில் இதைக் குழந்தைக்குக் காட்டுவது கஷ்டம்.

மலையில் புல்லிலும் புதரிலும் நேராகப் பாயைப் போட்டு உட்கார வேண்டாம். ஸ்க்ரப் டைபஸ் என்கிற காய்ச்சல் அங்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் கடிப்பதால் வருகிறது, மழைக்குப் பிந்தைய குளிர்மாதங்களில் அதிகம். முழுக்கால் சட்டை போடுங்கள், தார்ப்பாயை விரித்து அதன் மேல் பாயைப் போடுங்கள். ஊர் திரும்பிய பின் ஒன்றிரண்டு வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், காட்டுப்பக்கம் போய்வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்; உடலில் எங்காவது சிகரெட் சுட்டதுபோல் கறுத்த புண் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் சாதாரண மருந்திலேயே குணமாகிவிடும்.

நான்காம் நாள் இறங்கி, சேத்துப்பட்டு வழியாகச் செஞ்சி. கோட்டை ஏறுவதானால் வெயில் ஏறும் முன் ராணிக் கோட்டை மட்டும். ராஜகிரியைக் குழந்தையோடு தொடாதீர்கள். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் உப்பளங்கள் தெரிய ஆரம்பித்ததும் வேகத்தைக் குறையுங்கள். கழுவெளி அந்தப் பக்கம்தான். 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்த ஆழமற்ற ஈரநிலம், 2021-ல் சரணாலயமாகி, 2024-ல் ராம்சார் பட்டியலுக்கும் போனது. தண்ணீர் ஆழமில்லாததால்தான் நீண்ட காலுள்ள பறவைகள் இங்கே இறங்குகின்றன; பூநாரை கிடைத்தால் அதிர்ஷ்டம், கூழைக்கடா அநேகமாக இருக்கும். இங்கே நீங்கள் வருவது பிற்பகல் என்பதால், மேற்கே பார்க்கிற இடத்தில் நிற்காமல் கிழக்கே பார்க்கிற இடமாகத் தேடி நில்லுங்கள்.

அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி. இருட்டுவதற்குள் கீழ்ப்புத்துப்பட்டை எட்டினால் ஐயனார் கோயில் காட்டைப் பார்த்துவிடுங்கள். இந்தக் கடற்கரையின் இயற்கையான காடு எப்படி இருந்தது என்பதைக் காட்டுகிற மிச்சங்களில் ஒன்று, சாமிக்குப் பயந்து யாரும் வெட்டாததால் நின்றது. புதுச்சேரியில் பெட்ரோல் விலை நம் பக்கத்தைவிடக் குறைவு. டேங்கை அங்கே நிரப்பிக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புதுச்சேரி பாட்டில் ஒன்றே ஒன்று இருந்தாலும் தமிழ்நாட்டு எல்லையில் மதுவிலக்கு வழக்கு, வண்டியும் பறிமுதல் ஆகலாம். நான்கு நாள் ஊர் சுற்றிய வண்டியைப் பார்த்தாலே நிறுத்துவார்கள். ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறக்கச் சொன்னால் உள்ளே மெத்தையும் அழுக்குத் துணியும் சாமை மூட்டையும்தான் இருக்க வேண்டும்.